முப்பத்தொரு படங்கள்

பந்தலூர்,
8.9.2024

அன்புள்ள கெஸியா அப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். பிள்ளையும் நானும் நலம். என் அப்பா அப்படியேதான் இருக்கிறார். ஜூனில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் திரும்பவில்லை. கஞ்சியைக்கூடத் தொண்டையைத் தடவிவிட்டால்தான் விழுங்குகிறார்.

இங்கே போனில் பாதி வார்த்தை கேட்பதில்லை. கேட்கிற பாதியில் நீங்கள் லென்ஸ் புராணம் பாடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் துணிமணி எடுத்துவரக் குன்னூர் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தீர்கள். இரண்டாம் நாள் சமைக்க அரிசி டின்னில் கையை விட்டால் உள்ளே ஒரு பழைய லென்ஸ். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வெள்ளையாகப் பூஞ்சை, சிலந்திக் கால் மாதிரி. ஈரம் உறிஞ்சட்டும் என்று புதைத்து வைத்தீர்களாம். முதல் நாள் அதே அரிசியைத்தான் நானும் கெஸியாவும் பொங்கித் தின்றோம். எனக்கு இப்போதும் குமட்டுகிறது. எந்த நாட்டில் யார் பெட்டியில் கிடந்ததோ. அவ்வளவு விலை கொடுத்துப் புதுக் கேமரா வாங்கிவிட்டு, அதன் வாயில் ஊர்க் குப்பையை மாட்டுவது உங்களுக்கு மட்டும்தான் தோன்றும். அரிசியைக் கொட்டிவிட்டேன். லென்ஸைக் கொட்டவில்லை, பயப்படாதீர்கள்.

ஆனாலும் பக்கவாதம் வந்த அன்றைக்கு அப்பாவை ஒற்றை ஆளாகத் தூக்கி ஜீப்பில் ஏற்றினீர்களே, அதை நினைத்தால் இந்த அசிங்கத்தையெல்லாம் மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. டிசம்பரில் அவரைக் குன்னூருக்கே கூட்டிவந்துவிட நினைக்கிறேன். என் லீவு முடிகிறது. நான் ஸ்கூலுக்குப் போகிற நேரம் நீங்கள்தான் கூட இருக்க வேண்டும். உங்களை நம்பித்தான் கேட்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஜெஸிந்தா


குன்னூர்,
15.9.2024

அன்பு ஜெஸி,

சரி, சரி, சரி. மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா? முன்னறையை மாமாவுக்கு ஒழித்துவைக்கிறேன். அரிசிக்கு மன்னிப்பு. இந்த ஊர் மிஸ்ட் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ் எது, சொல்?

நீ குப்பை என்று திட்டும் ஒரு ரஷ்ய லென்ஸ், ஊட்டிப் புகைப்படக் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறது. படத்தில் இருப்பது மாமா. போன வருஷம் உங்கள் வராந்தாவில் எடுத்தது. உன்னை அசத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். பிரதி இத்துடன் இருக்கிறது. பின்னால் மங்கிய தேயிலைச் செடிகள் அவரைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி தெரிகிறது பார். புது லென்ஸில் இது வராது.

இதில் தானாக ஃபோகஸ் ஆகாது. கண்ணை மட்டும் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, இமை முடி ஒவ்வொன்றும் தெரியும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இதே பாடு. எல்லோரும் மெஷினை நம்பிச் சுடுகிறார்கள், நான் பார்த்து எடுக்கிறேன். அதற்குத்தான் பரிசு என்று நடுவரே சொன்னார்.

கெஸியாவுக்கு முத்தம்.

உன்,
டக்ளஸ்


பந்தலூர்,
21.9.2024

கெஸியா அப்பாவுக்கு,

படம் வந்தது. மூன்று நாளாகப் பீரோவில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

போன வருஷம் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா போட்டிருக்கும் காப்பிக் கலர் ஸ்வெட்டரை ஜூன் 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பஜாரில் வாங்கினேன். விலைச்சீட்டைக் கிழித்ததே நான்தான். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற அதன் கையைக் கத்தரித்துவிட்டார்கள். அப்பா அதைப் போட்டிருந்தது அந்த ஒரு பகல் மட்டும்.

படத்தில் வாய் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. எச்சில் கோடு ஸ்வெட்டர்வரை வந்திருக்கிறது.

நானும் பிள்ளையும் ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டில் நீங்களும் அவரும்தான். நாலு இருபதுக்கு எனக்குப் போன் செய்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது நினைவிருக்கிறதா? "எப்ப ஆரம்பிச்சதுன்னு யாராச்சும் பாத்தீங்களா? நேரம் தெரிஞ்சா அடைப்பைக் கரைக்க ஊசி போடலாம்" என்றார். நீங்கள் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "தெரியலீங்க, நான் வந்து பாக்கறப்பவே இப்படித்தான் இருந்தாரு" என்றீர்கள். நேரம் தெரியாமல் அந்த ஊசியைப் போட முடியாது என்றுவிட்டார்.

கவனிக்கவில்லை என்று எழுதாதீர்கள். ஃபோகஸை மெஷினிடம் விட்டு எடுத்திருந்தால் நம்பியிருப்பேன். அந்தக் கண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை எடுத்தீர்கள்? கேமராவில் இருக்கும். மறைக்காமல் எழுதுங்கள்.

ஜெஸிந்தா


குன்னூர்,
29.9.2024

ஜெஸி,

முதல் படம் மூன்று ஐம்பத்திரண்டு. கடைசிப் படம் நாலு பதினேழு. மொத்தம் முப்பத்தொன்று.

முதல் இரண்டில் மாமா விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். கேமராவைப் பார்த்தாலே முகத்தைக் கோணுவாரே, உனக்குத் தெரியும். மூன்றாவதில் தெரிந்துவிட்டது. "மருமகனே, வாய் ஒரு மாதிரி இழுக்குது" என்றார். அதுவும் குழறலாகத்தான் வந்தது. நான், "ஆடாம இருங்க மாமா, ஒரே நிமிஷம்" என்றேன். அவர் ஆடவில்லை. மிஸ்ட் விலகி வெளிச்சம் வந்திருந்தது. அப்படி ஒரு முகம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போய்விட்டது. அவர் நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் கேமராவை வைத்தேன்.

டாக்டரிடம் நேரம் சொன்னால், அதுவரை என்ன செய்தாய் என்று நீ கேட்பாயே என்று பயந்துவிட்டேன்.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லென்ஸ் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன். மாமாவை இங்கே அழைத்து வா. சாகும்வரை அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறேன். கெஸியாவை நினைத்துப் பார்.

டக்ளஸ்


பந்தலூர்,
10.10.2024

டக்ளஸுக்கு,

லென்ஸை விற்க வேண்டாம். அது என்ன பாவம் செய்தது? காட்டச் சொன்னதைக் காட்டியது. பார்த்தது நீங்கள்.

கோபம் என்றால் நானும் சண்டை போட்டு, அழுது, பிறகு திரும்பி வந்திருப்பேன். இது அருவருப்பு. உங்கள் கடிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அரிசியில் கிடந்ததை எடுத்தபோதுகூட இப்படி வரவில்லை. உங்கள் கையால் அப்பாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டுவதை என்னால் நினைக்கக்கூட முடியவில்லை. என்னைத் தொட்டதையும்தான்.

டிசம்பரில் நாங்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரமாட்டோம். இங்கேயே வேலைக்குக் கேட்டிருக்கிறேன். கெஸியா உங்களோடு பேசட்டும், தடுக்கமாட்டேன். அவளைப் படம் மட்டும் எடுக்கக் கூடாது. அவளுக்கு ஒன்று ஆனால் நீங்கள் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள் என்று இனி எனக்குத் தெரியாது.

நேற்று நர்ஸ் மருதாம்பாள் அப்பாவுக்கு வாய்ப் பயிற்சி கொடுக்க வந்தார்கள். டாக்டருக்கு அனுப்ப ஒரு வீடியோ வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்பா அப்படியே விறைத்துப் போனார். எச்சில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. எப்போதும் இடது கையால் துடைத்துக்கொள்கிறவர், துடைக்கவில்லை. கண்ணும் சிமிட்டவில்லை. "வாயை அசைங்க ஐயா, சும்மா அசைங்க" என்று அவர்கள் கெஞ்சினார்கள். அசையவே இல்லை.

நான் போனை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் காதருகில் குனிந்து, "அப்பா, ஆடலாம்ப்பா" என்றேன். நாலைந்து தடவை சொன்ன பிறகுதான் கையைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஜெஸிந்தா