தப்பை நிறுத்தியவள்

நோர்வூட்
12.05.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் மகள் சுலக்ஷனாவும் சுகம். புனர்வாழ்வு நிலையத்தில் போன் தரமாட்டார்களாம். அதனால்தான் கடிதம்.

உங்கள் கோபம் தெரியும். காமன் கூத்தில் வீரபத்திரன் வேஷம் கட்டி ஆடி விழுந்தீர்கள். வாய் கோணி, நாக்குக் குழறியது. சாமி வந்துவிட்டதென்று திருநீறு போட்டார்கள். உங்கள் அப்பா தப்பு மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார். நான்தான் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளா ஐஸ் அடிச்சிட்டு லொறி ஓட்டுனவரு. வேன எடுங்க" என்று தோட்டமே கேட்கக் கத்தினேன்.

மானத்தை வாங்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கத்தியதற்கு நான் வருந்தவில்லை. அந்த ஐஸ் போதைத்தூள்தான் பிரஷரை ஏற்றி, மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றார் டொக்டர். பொங்கலுக்கே உங்கள் சட்டைப்பையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தேனே, அதற்குத்தான் அழுகிறேன்.

பிரியந்தி

நோர்வூட்
02.06.2024

அன்புள்ள மச்சானுக்கு,

பதிலே இல்லை. கை வரவில்லையா, மனசு வரவில்லையா? மாமா இப்போது தினமும் வந்து உங்களை விசாரிக்கிறார். என் முகத்தைத்தான் பார்ப்பதில்லை.

பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை உங்களை விடுகிறார்களாம். இங்கே வருவீர்களா, றொசல்லையில் அக்கா வீட்டுக்குப் போவீர்களா? அதையாவது எழுதுங்கள்.

பிரியந்தி

09.06.2024

அன்பு பிரியந்திக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். கால் நடக்கிறது. வலது கை மட்டும் இன்னும் பிடிவாதம்.

கோபம் பாதிதான், மீதி வெட்கம். லொறி ஓட்டும்போது தூங்காமல் இருக்கத்தான் ஐஸைத் தொடங்கினேன். பிறகு லீவு நாளிலும் அதையே தேடினேன்.

விழுந்தபோது எனக்கு நினைவு இருந்தது. தலை வலியில் பிளந்தது. சாமி வாக்கென்று எல்லோரும் கும்பிட்டார்களே, "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றுதான் நான் கெஞ்சினேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. தப்பு நிற்கவே இல்லை. செத்தேன் என்று நினைத்தபோது நீ கத்துவது கேட்டது. அப்பாடா என்று இருந்தது, பிள்ளை. பிழைத்த பிறகுதான் மானம் ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்குத்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வா. பஸ்ஸில் யாராவது என் கையைப் பார்த்து என்ன வருத்தம், எதனால் வந்தது என்று கேட்டால் நீ பேசாதே. நானே சொல்கிறேன்.

உன்
கஜேந்திரன்