காலரைத் தூக்கும் கை

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்காரருக்கு வாதம் அடித்து வலது கை விழுந்து ஒரு மாசம். சலூன் பூட்டிக் கிடக்கிறது. பயிற்சி கொடுக்க வருகிற பொண்ணு, "கொஞ்சம் தூக்குங்க சார்" என்று கெஞ்சுகிறாள். இவர் உம்மென்று சுவரைப் பார்க்கிறார். வாய் திறந்தால் ஒரே பேச்சு: "சலூன் நாற்காலிய வித்துடு."

மார்ச் 5, புதன்

சுவரில் இருக்கிற போட்டோவைக் காட்டி, "யாருங்க இந்தத் தாத்தா?" என்று கேட்டுவிட்டாள் அந்தப் பொண்ணு. போச்சுடா! இவருடைய சினிமா ஹீரோ ஆயிற்றே. அந்த ஆள் மாதிரியே எத்தனை தலைக்கு முடி வெட்டிவிட்டவர் இவர்! "தாத்தாவா?" என்று சீறினார் பாருங்கள்... எனக்கு வழி கிடைத்துவிட்டது.

மார்ச் 6

"முதுகைக் காட்டிட்டு நின்னா பெரிய நடிகரா?" கிளறினேன்.

"முதுகுதான்டி நடிப்பே. மத்தவன்லாம் அழுது காட்டிடுவான், அதோட முடிஞ்சிது. இவரு திரும்பவே மாட்டாரு. மெதுவா காலரைத் தூக்கி விடுவாரு. அழறாரா, சிரிக்கிறாரா? நாம வீட்டுக்கு வந்தும் தவிப்போம். அதான்டி செத்தும் நிக்கிறாரு."

அம்மாடி, எவ்வளவு பேச்சு!

மார்ச் 9, ஞாயிறு

போனில் அந்த நடிகரின் படத்தைப் போட்டேன். காலர் தூக்குகிற இடம் வந்ததும் பொண்ணு கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகவில்லை. இவர் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பெருமை, இவரே நடித்த மாதிரி.

மார்ச் 10

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு காலரைத் தூக்கி நடித்துக் காட்டினேன். வேண்டுமென்றே இடது கையால், வெடுக்கென்று.

"தப்பு!"

"பின்னே எப்படியாம்?"

வலது கை தொடையிலிருந்து எழும்பிச்சு. உடனே விழுந்துடுச்சு. அவரு கவனிக்கல. நான் பாத்துட்டேன். அடுப்படிக்குப் போய் அழுதேனா? எழுத மாட்டேன், போ.

மார்ச் 17

இன்றைக்கும் தப்பாகவே செய்தேன். செம திட்டு. கை நெஞ்சு வரைக்கும் வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சலூனைத் திறந்து தூசி தட்டினோம். கண்ணாடி முன்னால் நின்று இன்றைக்கு ஒரு பிசகும் இல்லாமல் செய்தேன். வலது கை, நிதானம், எல்லாம் அச்சு அசல்.

"தப்புடி. தள்ளு, நான் காட்டுறேன்."

நாற்காலியை விட்டு எழுந்தார். வாசலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கை மெல்ல மெல்ல ஏறி காலரைத் தொட்டது.

அழறாரா, சிரிக்கிறாரா? திரும்ப மாட்டேங்கிறார் மனுஷன்.