யார் கண்ணுக்கு வைத்த ஸ்கோப்?

காராவாங்கன் மலையடிவாரம்,
ஆகஸ்ட் கடைசி வாரம்.

அன்பு மருமகள் பூர்கிக்கு,

இந்தப் பள்ளத்தாக்கின் முடிசூடா மன்னனும், கம்பிவட வண்டியின் ஓய்வுபெற்ற தலைமை ஓட்டுநரும், சுட்ட மான்களை வரிசையில் நிறுத்தினால் கடைசி மான் வியன்னாவில் புல் மேயும் என்று பெயரெடுத்தவனுமான உன் தாய்மாமன் கிலியான் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிநாடு கேட்கிறது. நார்வேயில் மீன்களுக்குக் காய்ச்சல் பார்க்கும் நீயும், உன் நோயாளிகளும் நலமாக இருக்க வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டில் கோழிக்கூண்டின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே நின்று நான் பேசினால் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஸ்லோவேனியாக்காரன் பதில் சொல்கிறான். இதுவோ ரகசியம். அதனால்தான் காகிதம்.

விஷயம் இதுதான். உன் அப்பா, அதாவது என் மச்சான் அம்ப்ரோஸ், எதையோ மறைக்கிறான். மறைப்பது உங்கள் வீட்டு மான்லிக்கர் சம்பந்தமாக. கொள்ளுத்தாத்தா காலத்துத் துப்பாக்கி, குழல் நுனிவரை வால்நட் கட்டை போர்த்தியது, உனக்குத்தான் என்று என் தங்கை கண்மூடும் முன் அவனிடம் வாக்கு வாங்கியது. அது உன் கைக்கு வராமல் வேறு கைக்குப் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். நீயும் அவனும் பேச்சை நிறுத்தியபிறகு அந்த வீட்டில் அவனைக் கேள்வி கேட்க ஆளில்லை. நாய் இருக்கிறது, ஆனால் அது அவன் கட்சி.

முதலில் பல். ஒரு செவ்வாய்க்கிழமை, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்துக்கொண்டு காரில் ஏறினான். எங்கே என்றேன். "பல்லு வலிடா, டாக்டர்கிட்ட போறேன்" என்றான். சாயங்காலம் விடுதியில் எங்கள் வழக்கமான மேசையில் உட்கார்ந்து, கோடாலிக்கே பல் உடையும்படி காய்ந்த ரொட்டியையும் உப்புப் பன்றிக்கறியையும் கடித்துத் தள்ளினான். பல்வலிக்காரன் கடிக்கிற கடியா அது? அன்றே எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் சும்மா போவதுபோல் அவன் வீட்டுக்குப் போனேன். துப்பாக்கி அலமாரி திறந்திருந்தது. மான்லிக்கரின் இடம் காலி.

கேட்டால், "எண்ணெய் போடக் குடுத்திருக்கேன்" என்கிறான். பெற்ற பிள்ளையை வேறொருவன் குளிப்பாட்டினாலும் பொறுத்துக்கொள்வான், அந்தத் துப்பாக்கிக்கு வேறொருவன் எண்ணெய் போட விடமாட்டான். உனக்குத் தெரியாததா?

அதற்குமேல் ஒரு பார்சல் அட்டை. அவன் விறகுக் கொட்டகையில், கட்டைகளுக்கு அடியில், மடித்து ஒளித்து வைத்திருந்தான். நான் தற்செயலாக அந்தக் கட்டைகளை எல்லாம் அகற்றியபோது கண்ணில் பட்டது. உள்ளே இருந்தது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கிற புத்தம்புது ஸ்கோப் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. பீர்க் குவளை அகலத்துக்குக் கண்ணாடி, நடுவில் எரிகிற சிவப்புப் புள்ளி. அப்படிப்பட்ட ஸ்கோப் வைத்திருந்த என்னை இவன் எத்தனை வருஷம் கிண்டல் செய்தான்! "மானைச் சுடப் போறியா, டிவி பார்க்கப் போறியா?" என்று மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டவன், பூர்கி, இவன். பழைய ஸ்கோப்பில் இருட்டினால் மான் எது, மரம் எது என்று தெரியாது. அதில் மரத்தைச் சுட்டாலும் சுடுவேன், புதுசு வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவன்.

என் மூளை கம்பிவடம் போல ஓடியது. பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறானே ம்யூனிக் பொய்ப்பல் வியாபாரி, அவன் இரண்டு வருஷமாக அந்த மான்லிக்கர் மேல் கண் வைத்திருக்கிறான். அவனுக்கு விற்கத்தான் சிங்காரிக்கிறார்களா? 'பல் டாக்டர்' என்று என் மச்சான் சொன்னதில் பாதி உண்மையோ?

விட்டேனா? துப்பாக்கிப் பட்டறைகளின் ஊரான ஃபெர்லாக்குக்குப் பேருந்து பிடித்தேன். துப்பாக்கி செய்கிற கெர்ஹில்டின் பட்டறைக்குப் போய், என் வேட்டைக்கத்தி மழுங்கிவிட்டது என்று நாடகம் போட்டேன். மான்லிக்கர் அங்கே தோல் வைத்த இடுக்கியில் படுத்திருந்தது. புது ஸ்கோப்பை அதே பழைய நகப்பிடியில் ஏற்றியிருந்தாள். நான் ஒப்புக்கொள்கிறேன், அழகான வேலை. துப்பாக்கி முதுகில் ஒரு புது ஓட்டைகூட இல்லை. துப்பாக்கியில் அதே குழிகள், அவற்றில் மாட்டுகிற ஸ்கோப்பின் அடியில் அதே இரும்பு நகங்கள். மெழுகுவர்த்திப் புகையைப் பூசிப் பார்த்து, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் ராவி ராவி உட்கார வைக்கிற அதே பழைய முறை. முன்நகத்தைக் கொக்கிபோல் நுழைத்துப் பின்னால் அழுத்தினால் 'டிக்' என்று சத்தம்.

அவள் உள்ளே போன் பேசப் போன சமயம், நான் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துக் கண்ணைக் கொடுத்தேன். பூர்கி, சுரங்கப்பாதை! சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் பட்டாணி அளவு வெளிச்சம். கெடுத்துவிட்டாள் பாவி என்று நான் போட்ட கூச்சலில் சுவரில் மாட்டியிருந்த கொம்புகள் எல்லாம் தலையாட்டின. கெர்ஹில்ட் அரத்தோடு ஓடி வந்தாள்.

"கையை எடும் ஓய்! யாரைக் கேட்டுத் தொட்டீர்?"

"ஸ்கோப்பை எங்கேயோ முன்னால கொண்டுபோய் வச்சிருக்கியே, கண்ணுக்கு எட்டவே இல்லையே!"

"உம்ம கண்ணுக்கு வச்சாத்தானே உமக்கு எட்டும்?"

"அம்ப்ரோஸுக்கும் எட்டாதே! அவனுக்கும் கழுத்தே கிடையாது, தலையை நேரா தோள்ல நட்டு அனுப்பிட்டார் கடவுள்."

"அவருக்கும் வைக்கல" என்றுவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டாள். அப்புறம் நான் எதைக் கேட்டாலும் என் கத்தியைத்தான் பார்த்தாள். "இது நல்லாத்தானே இருக்கு? கிளம்பும்."

நகப்பிடியில் ஸ்கோப் ஒருமுறை ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். இப்போது வருகிற துப்பாக்கிகளில் இருப்பதுபோல முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள முடியாது. வேறொருவர் கண்ணுக்கு அதை வைத்தால், அம்ப்ரோஸ் அந்தத் துப்பாக்கியால் இனிச் சுட முடியாது என்று அர்த்தம். ஆக, விற்பனை உறுதி என்று முடிவு கட்டினேன். ஆனால் ம்யூனிக்காரன் கழுத்தும் உருளைக்கிழங்குதான். அப்படியானால் வாங்குவது யார்?

பேருந்தில் திரும்பும்போது, அம்ப்ரோஸின் கார் எதிரே போனது. பக்கத்து இருக்கையில் தபால்காரி வெரேனா! வயசுப் பெண், வாத்துபோல நீண்ட கழுத்து, கணவன் இத்தாலியில் லாரி ஓட்டுகிறான். நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். என் தங்கையின் வீட்டுத் துப்பாக்கி தபால்காரிக்கா? மேசையில் அதற்குள் கதை கிளம்பிவிட்டது. "அம்ப்ரோஸ் அந்தப் பொண்ணுக்கு வேட்டை சொல்லித் தர்றானாம், காடு வா வாங்கிற வயசுல" என்று விடுதிக்காரர் கண்ணடிக்கிறார். அந்தக் கதையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. கொஞ்சம் நகாசு வேலை செய்ததைத் தவிர.

அடுத்த நாள் தபால் வண்டியை என் வாசலில் மறித்து நின்றேன்.

"உண்மையைச் சொல்லு வெரேனா. அம்ப்ரோஸ் உனக்கு என்ன தர்றான்?"

"ஒரு ஜாடி காட்டுப்பெர்ரி ஜாம் தந்தாரு. நீங்க நினைக்கிறது வாயில வந்துச்சுன்னா வண்டியை உங்க கால்மேல ஏத்திருவேன், ஆமா."

"பின்னே துப்பாக்கிக்காரி வீட்டுல உனக்கு என்ன வேலை?"

"எனக்கென்ன தெரியும்? கழுத்து ஒண்ணு கடனா வேணும்னாரு. போனேன். கட்டையில கன்னத்தை வைன்னாங்க, வச்சேன். அந்தம்மா ஸ்கோப்பைத் தள்ளித் தள்ளி வைக்குது, எனக்கு முழுசாத் தெரியுது, 'தெரியுது'ங்கிறேன். உங்க மச்சான் ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. 'இன்னும் முன்னால வை. அவ கன்னத்தை இன்னும் முன்னாலதான் வைப்பா. புருவத்துல இடிக்கக்கூடாது. எந்தக் காரணத்துக்கும் இடிக்கக்கூடாது'ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாரு. அந்தம்மாவே, 'ஐயா, இப்ப இடிக்காது, கொஞ்சம் உட்காருங்க'ன்னு நாற்காலி போட்டுச்சு."

நான் வண்டிக்கு வழிவிட்டேன். 

உங்கள் இருவர் பேச்சும் நின்றுபோன அந்த அக்டோபரில் நானும் மலையில்தான் இருந்தேன். நீ மான்லிக்கரால் சுட்ட நொடியில் ஸ்கோப் பின்னால் உதைத்து உன் புருவத்தைக் கிழித்தது. கலைமான் காலில் காயத்தோடு ஓடியது. முகமெல்லாம் ரத்தத்தோடு நீ நின்றபோது, வேட்டைக்கூட்டம் மொத்தத்துக்கும் முன்னால் அவன், "துப்பாக்கியைக் குத்தம் சொல்லாதே, உனக்குப் பிடிக்கத் தெரியல" என்றான். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இந்த ஊரில் பரம்பரைத் துப்பாக்கி கைக்கு வந்தால் நாம்தான் கழுத்தை வளைத்துக்கொள்வோம். துப்பாக்கியை நம் கழுத்துக்கு மாற்றுவது மூதாதையரை அவமதிப்பது மாதிரி. கழுத்தில்லாத அவன் கண்ணுக்கு வைத்த ஸ்கோப், நீளக்கழுத்தால் முன்னால் வருகிற உன் புருவத்தில்தான் வந்து இடிக்கும் என்று, அத்தனை பெரிய வேட்டைக்காரர்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

நேற்று அவனிடம் நேராகவே போனேன். குவளையில் பீர் ஊற்றினான். கேட்டுவிட்டேன்.

"அதை அவ கண்ணுக்கு வச்சிட்டியே, இனி நீ எதை வச்சுடா சுடுவே?"

"நான் ஏன் சுடணும்? பைனாகுலர் தூக்கிட்டு முன்னால நடக்கிறேன். மான் விழுந்தா, வழக்கப்படி குச்சியை ஒடிச்சு, சுட்டவ தொப்பியில செருகிவிட ஒரு ஆள் வேணும்ல."

"அவ வந்தாத்தானே?"

 அவன் ரொட்டியை ரொம்பச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "கிலியான், இதுல ஒரு வார்த்தை அவளுக்கு எழுதினே, உன் முழங்காலை நானே கழட்டி வைப்பேன்" என்றான்.

இங்கேதான் எனக்கு மறுபடி சந்தேகம். என் வாயில் ஊறுகாய்கூட நிற்காது என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் என்னிடமா சொல்வான்? எழுதாதே என்று அவன் சொன்ன விதத்தில் எழுது என்றுதான் கேட்டது. என்னை ஏமாற்றி எழுத வைத்திருக்கிறான், திருடன்.

இன்னொன்றும் உண்டு. கெர்ஹில்ட் ஸ்கோப்பை இன்னும் ஒட்டவில்லை. வளையங்களைத் தற்காலிகமாகத்தான் இறுக்கி வைத்திருக்கிறாள். வெரேனாவின் கழுத்து கிட்டத்தட்டத்தான் உன் கழுத்து, கடைசி அளவு உன் கன்னம் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறாள். அதுவரை பழைய இடத்துக்கே தள்ளி இறுக்கிக் கொடுக்கட்டுமா, இந்த அக்டோபருக்கு உங்களுக்காவது ஆகுமே என்று அம்ப்ரோஸைக் கேட்டாளாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டானாம்.

செப்டம்பர் கடைசியில் கலைமான்கள் கத்தத் தொடங்கும். உன் மீன்கள் அதுவரை காய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளட்டும். நீ சுட வேண்டியதில்லை. பட்டறைக்கு வந்து கட்டையில் ஒரு நிமிஷம் கன்னத்தை வைத்துவிட்டுப் போனால்கூடப் போதும். வர முடியாதென்றால் அதையாவது எழுது. பதிலை எனக்கு அனுப்பாதே, அம்மா. அவனுக்கு அனுப்பு. முகவரி மாறவில்லை.

காடும் கடவுளும் உன்னைக் காக்கட்டும்.

உன் மாமன்,
கிலியான்