மாடசாமி அண்ணன் நிரப்பிய பாட்டில்

ஓசூர்,
17.8.2008

அன்புள்ள பேச்சியம்மாள் மதினிக்கு சூசைமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் நலம். அண்ணனும் நீங்களும் கோவில்பட்டியில் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இதை வெறும் முறைக்காக எழுதவில்லை.

நீங்கள் காலி செய்த வீட்டுக்கு ஒரு ஒரிசாக் குடும்பம் வந்திருக்கிறது. கெம்பம்மா குழாயடியில் என்னைப் பார்த்தால், பேச்சி யாவாக பர்த்தாளே, எப்போது வருவாள் என்று கன்னடத்தில் கேட்கிறாள். ராயக்கோட்டைத் தக்காளியைக் கேட்பாரில்லை, ரோட்டோரம் கொட்டிக் கிடக்கிறது.

மதினி, நீங்கள் ஊருக்குப் போகும் முன்பு கம்பெனியில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு முகாம் நடந்ததே. ஆண்களுக்கு வருகிற புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று மூத்திரத்தை வைத்தே சீக்கிரம் சொல்லும் புதுச் சோதனை என்று பெங்களூர் டாக்டர்கள் வந்தார்கள். அதில் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் என்று வந்தது. அவரோடு வேலை பார்க்கும் கருப்பசாமிக்கும் அப்படியே. நான் அழுது தீர்த்தேன். இவர் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன தைரியம் என்று மெச்சிக்கொண்டேன், நான் ஒரு மடச்சி.

மூத்திரச் சோதனையை மட்டும் நம்ப முடியாது, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்கள். எந்த வழியாக எடுத்தார்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் முடிவு வந்தது. இருவருக்குமே ஒன்றும் இல்லை. மாதாவுக்கு மாலை போட்டுவிட்டு வந்து பாயசம் வைத்தேன். இவர் டம்ளரைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பாட்டில்ல இருந்தது என்னோடது இல்லடி, மாடசாமியோடது" என்றார்.

வருஷா வருஷம் மெடிக்கல் வந்தால் சர்க்கரைக்காரர்கள் அண்ணனிடம்தான் பாட்டிலை நீட்டுவார்களாம். சர்க்கரை தெரிந்தால் மிஷினை விட்டு இறக்கிக் கூட்டுகிற வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அண்ணனுக்குத்தான் ஒரு நோயும் கிடையாதே, இல்லை என்று சொல்லவும் தெரியாதே. வயசு ஐம்பது ஆகாததால் முகாமில் அவர் பெயர் இல்லை. கருப்பசாமிக்கும் அன்று அவர்தான் கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சர்க்கரை வெளியே வந்துவிடுமே என்று இந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஊசியையும் குத்திக்கொண்டார்கள். மாடசாமிக்கு என்ன வரப்போகிறது, சோதனைதான் தப்பு என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்களாம். நான் இவரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாட்டில் இரண்டு, ஆள் ஒருவர். ஊருக்குப் போகும்போது ஒன்றுக்குப் போக பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி அண்ணன் இறங்கினார் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது அன்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். அண்ணன் எடுத்து, "நல்லாயிருக்கியா தங்கச்சி, மாப்பிள்ளைக்கு ஊசி வலி போச்சா" என்று கேட்டார். அந்த ஊசி எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நேற்று இவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். வேலை போனால் போகட்டும். டாக்டர் திட்டவில்லை. அந்த ஆளை உடனே கூட்டிவாருங்கள், நோய் இருந்தாலும் இப்போதே பார்த்தால் வழி உண்டு என்றார். அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. சூசைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லியாவது பஸ் ஏற்றிவிடுங்கள். என்னைத் திட்ட வேண்டுமானால் இங்கே வந்து திட்டுங்கள். உங்களுக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறேன். மாதாவுக்கு நான் போட்ட மாலை யாருடைய உயிருக்கு என்று தெரியாமல் போட்டது மதினி, அது அண்ணனுக்கே சேரட்டும்.

உங்கள் நாத்தனார்,
சூசைமேரி இன்னாசிமுத்து