உலக்கை சாயாத கிரகணம்

மதினி,

நேற்று உங்கள் மகள் பள்ளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடி ஒன்று கொண்டுவந்தாள். வரப்போகிற சூரிய கிரகணத்துக்காம். அதை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் முட்டித் திரிந்தவள், "நான் வயித்துல இருக்கப்ப அம்மா கிரகணம் பாத்தாங்கள்ல அத்தை? எப்படி இருந்துச்சாம்?" என்றாள். பார்த்தார்கள் என்று எப்போதோ நான் சொல்லிவைத்த பொய் அது. வாயில் சோறு இருந்ததால் தப்பித்தேன்.

ராசிங்காபுரத்திலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் இயற்பியல் பட்டத்தோடு வந்தீர்கள். போடியில் எங்கள் வீட்டில் அதற்கு என்ன சோலி? ஏலக்காய்ச் சுளகைத்தான் கையில் கொடுத்தோம். காய் பிரித்துக்கொண்டே, கிரகணத்தின் பின்னால் ஓடியவர்களின் கதைகளைச் சொல்வீர்கள். குண்டூரில் கிரகணம் பார்த்து, சூரியனில் யாரும் அறியாத வாயுவின் தடயம் கண்ட பிரெஞ்சுக்காரரை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பின்னொரு கிரகணத்துக்கு, எதிரிப்படை வளைத்த பாரிஸிலிருந்து அவர் பலூனில் தப்பிப் போனாராம். "உசுரு போனாலும் போகட்டும்னு கெளம்பிருக்காரு பாரு புள்ள" என்பீர்கள், சொந்தத் தாய்மாமனைச் சொல்வதுபோல.

இங்கே கிரகணம் வந்தபோது உங்களுக்கு ஏழாம் மாதம். கிரகண நிழல் கர்ப்பிணி மேல் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று அம்மா உங்களை உள்ளறையில் படுக்க வைத்தாள். வெளியே நாதாங்கி போட்டுக் காவல் இருந்தது நான். முற்றத்தில் தாம்பாளத்து மஞ்சள் தண்ணீரில் அம்மா உலக்கையை நிறுத்தியிருந்தாள். கிரகணம் விடும்போது அது சாயும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. சாயத் தொடங்கியதும் கதவைத் திறந்து கடைசித் துண்டை மட்டும் காட்டுகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன்.

"சாஞ்சிருச்சா புள்ள?"

"இல்ல மதினி. குத்துக்கல்லாட்டம் நிக்குது."

மறுபடி கேட்டீர்கள். மறுபடி அதையே சொன்னேன். தெருவில் கிரகணத்துக்காக நின்றிருந்த தோட்டத்து ஜீப்புகள் மலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் வெளியே எட்டிப் பார்த்தேன். சூரியன் முழுசாக இருந்தது. உலக்கையும் நின்றுகொண்டிருந்தது. அடிப்பூண் தேயாமல் தட்டையாக இருக்கும் உலக்கை எந்த நாளும் நிற்கும் என்பது அதை அன்றாடம் கையாளும் எனக்குத் தெரியாதா? தெரியும். அம்மாவின் ஏச்சுக்குப் பயந்து தெரியாததுபோல் இருந்துவிட்டேன், மதினி.

நீங்கள் ஏசவில்லை. "விடு புள்ள. பலூன்ல போன மனுசனுக்கே கடைசில மேகம் மறைச்சிருச்சு. அடுத்தது வராமயா போகும்?" என்று சிரித்தீர்கள். ஏசியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். பிள்ளை தவழும் முன்னே கொரோனா உங்களைக் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு உதட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் குறுகிப்போகிறேன்.

இன்று காலை தலை சீவிவிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்னி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா அழுதாங்களா?"

"இல்ல தங்கம்."

அட்டைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்ப இந்தத் தடவை நீங்க உள்ள இருங்க அத்தை. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

சரி என்றேன். நாதாங்கியை அவளே போடட்டும், மதினி.