முதலாம் தெரிவு மாத்தறை

ஏப்ரல் 27, ஞாயிறு

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. இரண்டு பி, ஒரு சி, பல்கலைக்கழகத்துக்குப் போதும். பூசைக்குப் போகிற வழியில் போனில் பார்த்தேன். கோயிலுக்குள் ஒரு செபமும் வாயில் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. முன்வாங்கில் இருந்த அம்மா திரும்பித் திரும்பி முறைத்தா. நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது அவவின் காதுக்குள் சொன்னேன். பிறகு பூசை முடியும்வரை அவவும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தா.

நிதர்சனா கிறகோரி, சிலாவத்தை, கம்பஸ் பிள்ளை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு தடவை — கம்பஸ் பிள்ளை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஊரில் எல்லோரிடமும் எனக்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. அப்பாவின் மீனை ஏற்ற வருகிற ஐஸ் லொறிக்காரர் தாதியியல் என்கிறார். பங்குச் சுவாமி ஆசிரியர் வேலைக்கு ஏற்றதைப் பார்க்கச் சொல்கிறார். கொலின்ஸ் அண்ணாவுக்கு நான் எங்கே போனாலும் சரிதானாம், அலுமாரியில் என் பக்கம் அவனுக்கு வேண்டுமாம்.

முத்தையன்கட்டிலிருந்து சாரங்கா போன் எடுத்தாள். ரியூசனில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள். அவளுக்கு யாழ்ப்பாணக் கம்பஸ்தான். இருவரும் ஒரே அறை, ஒரே சைக்கிள், யன்னல் பக்கம் எனக்கு என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருக்கிறாள். நானும் ஓம் ஓம் என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு ஏன் ஒரு மாதிரி இருந்தது?

மே 4, ஞாயிறு

விண்ணப்பக் கைநூலை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நாட்டின் தெற்கு முனையில், மாத்தறையில், கடலையும் மீனையும் படிக்க ஒரு பீடமே இருக்கிறது.

சூடை மீன் ஒரு கிழமை கரையை மூடிக்கொண்டு வரும். அடுத்த கிழமை வலை வெறுமையாக ஏறும். எங்கே போகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். "அதுகளைத்தான் கேக்கவேணும்" என்பார் அப்பா. அதுகளைக் கேட்கிற படிப்பு இருக்கிறது! எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

மே 5

மாத்தறை. மாத்தறை. சொல்லச் சொல்ல நல்லாயிருக்கு.

மே 7, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலும் மீனைப் பற்றிப் படிக்கலாம்தானே என்று அம்மா கேட்டா. படிக்கலாம்தான். ஆனால் மாத்தறையில் கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே ஆழ்கடல், அதற்கென்று ஆய்வுகூடங்கள், ஒரு பீடம் முழுக்க அதே வேலை — நான் அடுக்கிக்கொண்டே போக, அம்மா சட்டியை மூடிவிட்டுக் கருவாடு காய்கிற பந்தலுக்குப் போய்விட்டா.

பின்னாலே போனேன். கருவாட்டைப் புரட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா:

"சண்டைக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் விடாமல் பிடிச்சுக்கொண்டு நடந்தபடியாத்தான் நாங்கள் நாலு பேரும் இருக்கிறம். நீ என்ர இடுப்பில."

அந்தப் போரில எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. அவவுக்கு எல்லாம் ஞாபகம். சரி, யாழ்ப்பாணமே போடுறன் எண்டு சொல்ல வாயெடுத்தனான். சொல்லேல்லை. ஏன் சொல்லேல்லை? நான் கூடாத பிள்ளையோ?

மே 10, சனி

அப்பா இரண்டு நாளாக யோசித்தவர் இன்று வாய் திறந்தார். "பாக்காத இடத்துக்கு ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. ரண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்கோ."

மடுக் கோயிலுக்கு அப்பால் தெற்கே போகாத அம்மா! கருவாட்டை யார் பார்ப்பது என்று கேட்டா. தானே புரட்டுவாராம். அப்பாவின் கூட்டாளி ஒருவரின் மகள் ஜெயரூபினி, வங்காலைப் பிள்ளை, மாத்தறையில் இரண்டாம் வருடம் படிக்கிறாளாம். போனிலும் கதைத்துவிட்டார். கள்ள அப்பா.

மே 15, வியாழன். ரயிலில்

கொழும்பிலிருந்து தண்டவாளம் கடலோடு ஒட்டிக்கொண்டே போகிறது. அலை பெட்டிக்குள் வந்துவிடும் போல இருந்தது. யன்னலோரத்தை எனக்குத் தரமாட்டேன் என்று அம்மா பிடித்துக்கொண்டா. அந்தப் படகு ஏன் அப்படி, இந்த வலை என்ன வலை என்று வழி முழுக்க ஒரே கேள்வி.

அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் ஒரே சொல்: ஹொந்தய், நல்லது. எதிரே இருந்த பெண் எங்கே போகிறீர்கள் என்று கேட்டா. ஹொந்தய். இது உங்கள் மகளா? ஹொந்தய். கடைசியில் அந்தப் பெண் சிரிக்க, அம்மா சிரிக்க, பெட்டியே சிரித்தது. கொண்டுபோன மோதகம் எல்லாம் அங்கேயே முடிந்தது.

மே 16, வெள்ளி. மாத்தறை

ஜெயரூபினி அக்கா ஆய்வுகூடத்தைக் காட்டினா. போத்தல் போத்தலாக மீன், மூக்கைப் பிடுங்கும் மருந்து மணம். ஒரு துளி கடல்நீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கச் சொன்னா. ஒன்று முள்ளு முள்ளாக, ஒன்று விளக்குமாறு போல, ஒன்று துடித்துத் துடித்து ஓடுகிறது. இதைத்தான் சூடை தின்கிறது என்றா. நான் கண்ணை எடுக்கவில்லை. அடுத்தவர்களும் பார்க்கவேண்டும் என்று தோளில் தட்டித்தான் எழுப்பினார்கள்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. பாடம் ஆங்கிலத்தில், பொழுது முழுக்கச் சிங்களத்தில், தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். அம்மா மெதுவாகக் கேட்டா, "தனிய இருந்து அழுதனியோ, பிள்ளை?"

"முதல் மாதம் ஒவ்வொரு நாளும் அழுதனான், அன்ரி. பிறகு நேரம் கிடைக்கேல்லை."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குள் இறங்கினா. பெரிய அலை ஒன்று வந்து சேலையை இடுப்புவரை நனைத்தது. ஓடிவருவா என்று பார்த்தேன். அடுத்த அலைக்கும் நின்றா!

மே 17, சனி. வீடு

திரும்பும் வழியில் பஸ் வவுனியாவில் நின்றபோது, தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே அம்மா சொன்னா:

"முதலாவதா அதையே போடு. நீ போகேக்க நான் அழுவன். அதைப் பாத்துக்கொண்டு நிக்காதை."

நான் பஸ்ஸுக்குள்ளேயே அழுதுவிட்டேன். சிரிப்பும் வந்தது. பக்கத்தில் இருந்தவர் இடம் மாறிப்போய்விட்டார்.

மே 19, திங்கள்

சாரங்காவுக்குச் சொன்னேன். "அப்ப யன்னல் பக்கம் எனக்கு" என்றாள். நல்லவள்.

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. முதலாம் தெரிவு மாத்தறை.

செப்ரெம்பர் 23

கிடைச்சிட்டுது! அண்ணா என்னைத் தூக்கிக் கடலில் போட்டான். உடுப்போடு.

பெப்ரவரி 8, ஞாயிறு. மாத்தறை, விடுதி

காலையில் அம்மாவுக்கு எடுத்தேன். போன் நிறுத்திக் கிடந்தது. மத்தியானமும் அப்படியே. அண்ணாவுக்கு எடுத்தேன். மாதர் சங்கத்துப் பெண்களோடு அம்மா நீர்கொழும்புக்குப் போயிருக்கிறாவாம், கருவாடு பதனிடும் பயிற்சிக்கு. போய்வர ஒரு கிழமையாம். ஒருவரும் கேட்காமல் தானாகவே பெயர் கொடுத்தாவாம்.

பின்னேரம் அவவே எடுத்தா. பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம். ஏன் எனக்குச் சொல்லவில்லை, மொழி தெரியாமல் அங்கே என்ன செய்யப்போகிறீர்கள், போனை ஏன் நிறுத்தினீர்கள் என்று படபடவென்று கேட்டேன்.

"பிறகு கதைக்கிறன், பிள்ளை. எங்களைப் படகு பாக்கக் கூப்பிடுகினம்." வைத்துவிட்டா.

போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நடந்தது, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று அறைத்தோழி கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: அம்மா படிக்கப் போய்விட்டா.