தீவன மூட்டையைவிட லேசானவள்

அக்டோபர் 6, 2025

நான் வேலை பார்க்கும் கோழிப்பண்ணையின் குஞ்சு ஷெட்டில் ஒரு குஞ்சு தீவனத் தொட்டிக்குப் போகாமல் சுவரோரம் வெறும் உமியைக் கொத்திக்கொண்டிருந்தது. தூக்கித் தொட்டியருகே விட்டேன். மற்றவையெல்லாம் ஒரு இடி இடித்தன. மறுபடி உமிக்கே வந்துவிட்டது. என் சாதி போலிருக்கிறது.

யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தீவனத் தராசில் ஏறினேன். முப்பத்தாறு கிலோ. மூட்டை ஐம்பது. நான் மூட்டையைத் தூக்குவதைவிட மூட்டை என்னைத் தூக்குவதுதான் நியாயம்.

நூல் மில் வேலைக்கு நாற்பது கிலோ கேட்கிறார்கள். ரத்தமும் போதாதாம். பொங்கல் கழித்து மறுபடி எடை பார்ப்பார்கள். அங்கே வேலை கிடைத்தால் விடுதி, சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பாடம். ஒன்பதோடு நின்றவளுக்கு வேறு வழி எது?

அக்டோபர் 9

டிவியில் நாடு வேகமாக வளர்கிறது என்றார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாருக்குங்கறத மட்டும் சொல்ல மாட்டேங்கறான் பாரு சாமி" என்றார். அப்பா பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுகிறார். யோகேஷ் அண்ணன் ஜிம்மில் தனக்கே கட்டிக்கொள்கிறான். பண்ணையில் எனக்குக் கொடுக்கும் கீறல் முட்டை முழுவதும் அவன் தட்டுக்குத்தான். வளர்கிற பையனாம். இருபத்தொரு வயது.

அக்டோபர் 14

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. குஞ்சுகளுக்குத் தண்ணீரில் கலக்கும் வளர்ச்சி டானிக் பாட்டிலில் கொழுத்த கோழி ஒன்றின் படம். கோழிக்குக் கேட்பது எனக்குக் கேட்காதா? இரண்டு மூடி ஊற்றிக் குடித்தேன்.

பண்ணைக்காரர் வீட்டு வசந்தாமணி அக்கா, ஏன் வாந்தி எடுக்கிறாய் என்று கேட்டார். பித்தம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே! ஐயோ, அவங்க வேற எதையோ நெனச்சிட்டாங்க. கோழி மருந்துன்னு எந்த வாயால சொல்றது?

அக்டோபர் 15

இன்னும் வாந்தி. குஞ்சுகள் நலம்.

நவம்பர் 3

எல்லாக் குஞ்சும் நலமில்லை. கால்வாசி சூம்பிக் கிடக்கின்றன. பண்ணைக்காரர் சிவபிரகாஷ், கால்நடை டாக்டர் ஜீவாவை வரவழைத்து, "இன்னொரு டானிக் எழுதிக் குடுங்க டாக்டரு" என்றார். இன்னொன்றா என்று நான் இரண்டடி பின்வாங்கினேன்.

டாக்டர் பாட்டிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஷெட்டைத்தான் பார்த்தார். "போன தடவைய விட அதிகமா குஞ்சு எறக்கிட்டீங்க. தொட்டி அதே தொட்டிதானுங்களே? பெருசுங்க நின்னா சிறுசுங்களுக்கு எடம் ஏதுங்க?"

சிறியவற்றைப் பிரித்து, தட்டி கட்டித் தனித் தொட்டி வைக்கச் சொன்னார். பிரித்தது நான். உமி கொத்தியதை முதலில் பிடித்தேன்.

நவம்பர் 4

இன்று வீட்டில் எனக்கும் முட்டை கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணன் நான்காவது முட்டையில் இருந்தான். நான் நிற்பதைப் பார்த்து, "ஏம்புள்ள, உனக்கு வேணுமா?" என்றான்.

"பசிக்கல."

குஞ்சுகூட இப்படிப் பொய் சொல்லாது.

அப்பாவும் அண்ணனும் எழுந்த பிறகு நானும் அம்மாவும் சட்டி வழித்தோம். அம்மாவுக்கு ரசம். எனக்கு ரசமும் அடியில் இருந்த பருப்பும். அம்மாதான் பருப்பை என் பக்கம் தள்ளியது.

நவம்பர் 24

தட்டிக்குள் இருந்தவற்றை எடை போட்டோம். மற்றவற்றின் எடையை ஏறக்குறைய எட்டிவிட்டன. டானிக் இல்லாமலே.

உமிகொத்திக் குஞ்சு என் விரலையே கொத்தியது. திமிர்.

நவம்பர் 25

தட்டை எடுத்துப்போய் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வைத்த தட்டு அண்ணன் தட்டில் இடித்துக் கிணுகிணுவென்றது. தைரியசாலியின் லட்சணம். முட்டையில் இரண்டை எடுத்துக்கொண்டேன். "என்ன புள்ள, நீயும் ஜிம்முக்கு வாரயா?" என்றான் அண்ணன். அப்பா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

டிசம்பர் 17

முப்பத்தெட்டரை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். அதேதான்.

ஜனவரி 20, 2026

மில்லில் நாற்பதரை. ரத்தமும் பரவாயில்லை என்றார்கள். நாளைக் காலை கிளம்ப வேண்டும். பையில் பழைய கணக்குப் புத்தகம். திறந்தால் ஒன்றும் புரியாது, தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

ராத்திரி சாப்பிட்டு முடித்து நான்தான் முதலில் எழுந்தேன். அண்ணன் காலை அகட்டி என் இடத்துக்கும் சேர்த்து உட்காரப் பார்த்தான். அம்மா அடுப்பருகே நின்றபடி எல்லோரும் முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மாவின் தட்டைக் கழுவி எடுத்துவந்து என் இடத்தில் வைத்தேன்.